தாய்மாமன் போட்ட வெள்ளியும் ஒரு குழந்தையின் எடையும்

இருபத்து நான்கு வயதில் ஒருத்தியைப் பணி ஓய்வு பெற்றவள் என்று அழைப்பது வேடிக்கைதான். ஆயினும் எங்கள் குழந்தை நலத் திட்ட அலுவலகத்தில் இப்போது எனக்கு அதுவே பெயர். இளங்கலை முடித்த கையோடு களப்பணியாளராகச் சேர்ந்து மூன்றாண்டுகள் வேலை பார்த்தேன். சென்ற ஆண்டு முதுகலைத் தமிழ் படிக்க விலகினேன். சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை பழைய இடத்துக்குப் போனபோது, புதிதாகச் சேர்ந்திருந்த நான்கு பெண்கள் எழுந்து நின்றார்கள். "ரிட்டயர்டு அக்கா வந்துட்டாங்கடி" என்று ஒருத்தி அடுத்தவளிடம் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது.

அவர்கள் கையில் இப்போது மின்னணுத் தராசும் டேப்லெட்டும் இருக்கின்றன. எண்ணைத் தட்டினால் வளர்ச்சிக் கோட்டைக் கருவியே வரைந்துவிடுகிறது. நாங்கள் பயன்படுத்திய தொங்கு தராசு, முள்ளும் கொக்கியும் துணித்தொட்டிலுமாக, அலமாரியின் மேல் கிடந்தது. "இதுலயா அக்கா எடை பார்த்தீங்க? தப்பு வராதா?" என்று கேட்டார்கள். வந்தது என்றேன். எப்படி என்றார்கள். சொல்லத் தொடங்கும்போது கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு வந்தேன். அதுவே இந்தக் கட்டுரை.

எங்கள் பகுதி விளாங்குடிக்கு உள்ளே, கண்மாய்க்கரையை ஒட்டிய ஐந்து தெருக்கள். மூட்டை தூக்குபவர்கள், கொத்தனார்கள், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள், வீட்டிலிருந்தே நைட்டிக்கு ஓரம் தைத்துக் கொடுப்பவர்கள் வாழும் இடம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தொண்ணூறு பேருக்கு மேல் இருந்தனர். மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை எடை பார்க்கும் நாள். மற்ற நாள்களில் வீடு வீடாகச் சென்று தடுப்பூசி அட்டையைப் பார்ப்பது, பேதி கண்ட பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கக் காட்டுவது, சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வது ஆகியவை வேலை. பயிற்சி பதினைந்து நாள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று நாள் வகுப்பறையில் உறங்காமல் இருந்தேன். பன்னிரண்டு நாள் வெயிலில் நடந்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஜெபமணி மேடம். மிஷன் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியையாக இருந்து, அதன்பின் இத்திட்டத்துக்கு வந்தவர். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. சிவப்பு மைப் பேனா ஒன்றைக் கைக்கடிகார வாரில் செருகியிருப்பார். ஸ்கூட்டியின் முன்கொக்கியில் தராசு தொங்கும். இருக்கைக்கு அடியில், துணியில் சுற்றிய இரண்டு கிலோ இரும்புப் படிக்கல் இருக்கும்.

எடை பார்க்கும் காலையில் அவருடைய முறை மாறவே மாறாது. மூட்டை தூக்குவோர் சங்கக் கட்டடத்தின் உத்திரத்தில், என் கண்மட்டத்துக்கு முகப்பு வரும்படி தராசைக் கட்டுவார். வெறும் துணித்தொட்டிலை மாட்டி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவார். பிறகு படிக்கல்லைத் தொட்டிலில் இட்டு, முள் இரண்டில் நிற்கிறதா என்று பார்ப்பார். எடுத்துவிட்டு மறுபடியும் இடுவார். குழந்தையின் சட்டை, கொலுசு, வளையல், அரைஞாண் எல்லாம் கழற்றப்பட வேண்டும். தொட்டிலில் இட்டதும் எந்தப் பிள்ளையும் உதைக்கும், முள் ஆடும். "முள்ளு நிக்கட்டும் மா" என்பார். "அதுவரைக்கும் மூச்சு விடலாம், எழுதக் கூடாது." நின்றதும் படிக்க வேண்டும், எழுத வேண்டும், எழுதியதை மறுபடி முள்ளோடு ஒப்பிட வேண்டும், அதன்பிறகே பிள்ளையை இறக்கலாம். பதிவேட்டின் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் அங்கே எழுத வேண்டும்.

அவருடைய இயல்பை விளக்க ஒரு சிறு நிகழ்ச்சி. நான் சேர்ந்த இரண்டாம் மாதம், மூன்றாம் தெருவிலிருந்து ஒரு பெண் தன் மகளைக் கொண்டுவந்து எடை பார்த்துச் சென்றாள். அரைமணி கழித்து, ஐந்தாம் தெருவிலிருந்து வேறொரு பெண் ஒரு குழந்தையோடு வந்தாள். சட்டை வேறு, பொட்டு வேறு, பிள்ளை அதே பிள்ளை. கன்னத்து மச்சம் உட்பட. நான் திகைத்து மேடத்தைப் பார்த்தேன். அவர் பிள்ளையைத் தொட்டிலில் இட்டு, முள் நிற்கும்வரை காத்திருந்து, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"உங்க பிள்ளை ஊர்லருந்து எப்பம்மா வருது?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம மேடம். எங்கம்மா தூக்கிட்டுப் போயிருச்சு. வராட்டி பேர அடிச்சிருவீங்கன்னு சொன்னாளுக. அதான் இவள எரவல் வாங்கிட்டு வந்தேன்."

"திங்கக்கிழமை வீட்டுக்கே தராசோட வாரோம். பேரு எங்கயும் போகாது. இரவல் பிள்ளைய ஒழுங்கா திருப்பிக் குடுத்துருங்க."

வரிசை முழுதும் சிரித்தது. இரவல் வாங்கியவளும் சிரித்தாள். அன்று பதிவேட்டில் அவர் அந்த எடையை எழுதவில்லை. குறிப்பில் 'ஊரில் உள்ளது; திங்கள்' என்று மட்டும் இருந்தது. இப்படிப்பட்டவரின் கீழ் வேலை பார்த்துக்கொண்டே நான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

குழந்தையின் பெயர் கவின். தாய் பஞ்சவர்ணம், என்னைவிட ஓரிரு வயது மூத்தவள். தையல் இயந்திரத்தின் அருகில் பாய் விரித்துப் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு நைட்டிக்கு ஓரம் தைப்பாள். கணவர் சரக்கு லாரி ஓட்டுநர். மாதத்தில் சில நாள்களே வீட்டில் இருப்பார். ஆகவே அந்த வீட்டில் பெரிய ஆள் பஞ்சவர்ணத்தின் அண்ணன் கருப்பையா. ஆனையூரில் பரோட்டாக் கடை வைத்து, தானே கல்லில் நிற்பவர்.

ஏழாம் மாதத்தில் கவினின் எடை ஏழு கிலோ இருநூறு கிராம். அதன்பின் சில நாளில் அவனுக்குக் கடுமையான பேதி கண்டது. பயந்துபோன கருப்பையா குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால் மாதம் ஓர் உருப்படி வெள்ளி செய்து போடுவது. பதின்மூன்றாம் மாதம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தும் நாளில்தான் எல்லாவற்றையும் கழற்றுவது. அதுவரை ஒன்றையும் உடம்பிலிருந்து எடுப்பதில்லை. பேதி நின்றது. வெள்ளி ஏறத் தொடங்கியது.

எட்டாம் மாதம் எடை பார்க்க வந்தபோது இடுப்பில் அரைஞாண் மின்னியது. கழற்றச் சொன்னேன். பஞ்சவர்ணம் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அந்தத் தெருக்களில் என்னை டீச்சர் என்றே அழைப்பார்கள்.

"கழட்டக் கூடாது டீச்சர். அண்ணே நேந்துருக்கு. காது குத்துற அன்னைக்குத்தான்."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மேடம் அன்று அடுத்த தெருவில் இருந்தார். ஓர் அரைஞாண் கொடிக்கு எடை எவ்வளவு இருந்துவிடும் என்று நினைத்தேன். அவர்களுடைய வேண்டுதலை மதிப்பதாகவும் நினைத்தேன். ஏழு கிலோ நானூறு என்று எழுதினேன். குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஒன்பதாம் மாதம் கால்களில் தண்டையும் சேர்ந்திருந்தது, ஏழு ஐந்நூறு. பத்தாம் மாதம் கைகளில் காப்பு; ஏழு அறுநூறு. பேதி கண்டு தேறிய பிள்ளையின் கோடு இப்படிச் சீராக ஏறுவதைக் கண்டு எனக்குப் பெருமிதமே உண்டாயிற்று. ஒன்பதாம் மாதத் தாய்மார் கூட்டத்தில் கவினின் வளர்ச்சிக் கோட்டு அட்டையைத்தான் எடுத்துக்காட்டாகப் பிடித்துக் காட்டினேன். பஞ்சவர்ணம் அதைக் கைபேசியில் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். அவர் அதைப் பெரிதாக அச்சிட்டுப் பரோட்டாக் கடையில், விலைப்பட்டியலுக்கு மேலே ஒட்டிவைத்தார்.

பத்தாம் மாத எடைக்குக் கருப்பையாவே வந்திருந்தார். நான் ஏழு அறுநூறு என்று எழுதி முடித்ததும் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினார், உடம்பெங்கும் ஒலித்தது.

"பாத்தீகளா டீச்சர் எம் மருமகன! அரைஞாண் நூத்தம்பது, தண்டை ஒரு நூத்தம்பது, காப்பு நூறு. ஆகமொத்தம் நானூறு கிராம் வெள்ளி! எல்லாம் எடை போட்டு வாங்குனது. இந்த ஏரியாவுல எந்த மாமேன் இம்புட்டுப் போட்டுருக்கான்?"

சுற்றியிருந்தவர்கள் ஆகா என்றார்கள். நான் பேனாவை மூடவில்லை. ஏழு அறுநூறில் நானூறு போனால் ஏழு இருநூறு. ஏழாம் மாதத்திலும் ஏழு இருநூறு. மூன்று மாதம் ஏறியது முழுவதும் வெள்ளி. பிள்ளை ஏறவே இல்லை.

வெள்ளி தொடாத ஓர் அளவு எங்களிடம் இருந்தது; மேற்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடா. காலாண்டுக்கு ஒருமுறைதான் அதை எடுப்போம். "ஒரு நிமிஷம் அண்ணே" என்று பிள்ளையை வாங்கி, இடது மேற்கையில் நாடாவைச் சுற்றினேன். பச்சையில் நிற்க வேண்டியது மஞ்சளில் நின்றது. இன்னும் சிறிது குறைந்தால் சிவப்பு. அதை அங்கே சொல்ல எனக்குத் துணிவில்லை. கருப்பையா எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் இரண்டு கொடுத்தார்.

அலுவலகம் வந்ததும் மேடத்தின் மேசையில் பதிவேட்டை விரித்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கடிகார வாரிலிருந்து பேனாவை உருவி என் முன் வைத்தார்.

"மூணு எண். ஒவ்வொண்ணையும் வட்டம் போடு. அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. பக்கத்துல 'வெள்ளியோடு எடுத்தது'ன்னு எழுதி உன் கையெழுத்தைப் போடு. இன்னைக்குத் தேதி."

எழுதினேன். மூன்றாவது கையெழுத்து என்னுடையது போலவே இல்லை.

"நாளைக்குக் காலைல அவங்க வீட்டுக்குப் போயி சொல்லணும்."

"நீங்களும் வருவீங்களா மேடம்?"

"நல்லா வளருறான்னு சொன்னது நீ. வளரலைன்னும் நீதான மா சொல்லணும்?" என்றார். சற்று நிறுத்தி, "நான் தெருமுனையில வண்டியில இருப்பேன். போன்ல பேசுற மாதிரி நிப்பேன். கண்டுக்காத" என்றார்.

மறுநாள் காலை அவர் அப்படியே நின்றார். காதில் வைத்திருந்த கைபேசியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

வீட்டில் பஞ்சவர்ணம் தைத்துக்கொண்டிருந்தாள். கருப்பையா கடைக்குக் கிளம்பும் முன் மருமகனைப் பார்க்க வந்து அமர்ந்திருந்தார். அட்டையை விரித்து, நிதானமாக, நான் முன்பே மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த சொற்களில் சொன்னேன். இரண்டாம் வாக்கியத்திலேயே கருப்பையா எழுந்துவிட்டார்.

"என்ன சொல்றீங்க? நான் போட்ட வெள்ளி மேல பழியத் தூக்கிப் போடுறீங்களா? சாமிக்கு நேந்தது அது!"

"வெள்ளி மேல தப்பு இல்ல அண்ணே. தப்பு என்னோடது. கழிச்சு எழுதியிருக்கணும்."

"என்னத்தக் கழிக்கிறது? பிள்ள உடம்புல இருந்தா பிள்ள எடைதான்!"

பஞ்சவர்ணம் தையலை நிறுத்தியிருந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"மூணு மாசமா நல்லாருக்கான்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க. பேதி போனப்ப கஞ்சியத் தண்ணியா கரைச்சேன். பொறவு கெட்டியாக்கலாமான்னு யோசிச்சேன். உங்க கோடு ஏறுச்சு. இதுவே ஒத்துக்கிருதுன்னு அப்பிடியே விட்டுட்டேன்."

பேதியின்போது நீர்க்கச் செய்த கஞ்சி, என் கோட்டை நம்பியதால், மூன்று மாதமாக நீர்த்தே இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். அவள் அட்டையை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "இதை நீங்களே வச்சுக்கங்க. இனிமே எனக்கு இதுல நம்பிக்க இல்ல."

கருப்பையா வாசலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். திடீரென்று நின்றார்.

"ஏத்தா பஞ்சு, நம்ம கடைக்கு எண்ணெ டின்னு வருதுல்ல?"

"வருது. அதுக்கென்ன இப்ப?"

"டின்னோட தூக்கி வச்சு எடை போட்டுட்டு, அம்புட்டும் எண்ணெதான்னு ஒருத்தன் சொன்னா நான் விடுவேனா? டின்ன கழிடாம்பேன்." தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "மூணு மாசமா டின்னையும் சேத்துல்ல எடை போட்டுருக்கோம்! அதப் பெருசாப் பிரிண்டு போட்டு கடையில வேற ஒட்டி வச்சுருக்கேனே!"

பஞ்சவர்ணம் அழுதுகொண்டிருந்தவள், அண்ணன் தன் பிள்ளையை எண்ணெய் டின்னோடு சேர்த்துப் பேசியதில் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். உடனே கோபமும் வந்தது. "எம்பிள்ள டின்னா உனக்கு?"

அன்றே சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். மருத்துவர் முழுமையாகச் சோதித்துவிட்டு, வேறு நோய் எதுவுமில்லை, உணவுதான் போதவில்லை என்றார். கஞ்சி கெட்டியாக வேண்டும். மசித்த பருப்பு, ஒரு கரண்டி எண்ணெய் அல்லது நெய், முட்டை மஞ்சள் கரு, வாழைப்பழம். தாய்ப்பாலோடு நாளுக்கு நான்கு வேளை. கெட்டி என்றால் எவ்வளவு என்று விளக்க, கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது என்ற எங்கள் பயிற்சி வாக்கியத்தைச் சொன்னேன். கருப்பையா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பதத்தப் பத்தி எனக்கா டீச்சர் சொல்றீங்க? மாவத் தொட்டுப் பாத்தே மழை வருமான்னு சொல்லிருவேன்."

அன்றிலிருந்து காலையில் கடைக்குப் போகும் வழியில் தங்கை வீட்டில் வண்டியை நிறுத்தி, கஞ்சியில் விரலை விட்டுப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. "இது சால்னா. இது கஞ்சியில்ல. இன்னும் கிண்டு" என்ற குரல் தெருமுனை வரை கேட்கும்.

இன்னொரு சிக்கல் எஞ்சியிருந்தது. பதினோராம் மாதத்துக்கான உருப்படியைப் போட்டே ஆக வேண்டும். நேர்த்திக்கடனை நிறுத்த முடியாது. உடம்பில் ஏற்றினால் டின் கனத்துவிடும். கருப்பையா இரண்டு நாள் யோசித்தார். பிறகு கோயில் பூசாரிக்கு என் முன்னிலையில் போன் செய்தார், ஒலிபெருக்கியில் வைத்தார்.

"சாமி, வெள்ளிய பிள்ள மேல போடாம பிள்ளைக்குன்னு குடுத்தா செல்லுமா?"

"எதுக்குப்பா?"

"மேல எடம் இல்ல சாமி."

மறுமுனையில் நீண்ட சிரிப்பு. "ஆத்தாளுக்கு வெள்ளிதான் வேணும். அத இடுப்புல கட்டுனா என்ன, தட்டுல வச்சா என்ன? சந்தோசமாச் செய்யி."

அந்த மாதம் ஒரு வெள்ளிக் கிண்ணம் வந்தது. அதற்கடுத்த மாதம் கரண்டி. கெட்டிக் கஞ்சி அதில்தான் ஊட்டப்பட்டது.

நானும் மாதந்தோறும் எடை பார்த்தேன். நானூறு கிராமைக் கழித்து, 'வெள்ளி நீங்கலாக, தாய்மாமன் சொன்ன கணக்குப்படி' என்று எழுதினேன். எண் ஏறியது. நாடாவும் மஞ்சளிலிருந்து பச்சைக்கு நகர்ந்தது. ஆனால் பஞ்சவர்ணம் முள்ளைப் பார்ப்பதில்லை. எடையைச் சொன்னால், "அது அண்ணே சொன்ன வெள்ளிக் கணக்குத்தான. கடக்காரன் சொன்னத அண்ணே சொல்லுது, அண்ணே சொன்னத நீங்க எழுதுறீங்க" என்பாள். அட்டையை அவள் திரும்ப வாங்கவும் இல்லை.

காது குத்துக்கு ஒரு வாரம் முன்பு அவளே என்னைத் தேடி வந்தாள். "கோயில்ல எல்லாத்தையும் கழட்டுவாங்கல்ல. அப்பப் பாக்கணும் டீச்சர். தராசத் தூக்கிட்டு வாங்க. வெறும் பிள்ளையா எம்புட்டு இருக்கான்னு எங்கண்ணால பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." மேடத்திடம் அனுமதி கேட்டேன். அவர் படிக்கல்லையும் எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

கொட்டாம்பட்டிப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருந்தது கோயில். இரண்டு வேன்களில் சொந்தக்காரர்கள் வந்திறங்கியிருந்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, அதில் சீர் அறிவிக்க ஒரு சித்தப்பா. கவினுக்கு மொட்டையடித்தார்கள். மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். அழுகை ஓய்ந்ததும், அரைஞாணையும் தண்டையையும் காப்பையும் பூசாரி ஒவ்வொன்றாகக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். இடுப்பிலும் கணுக்காலிலும் வெள்ளி அழுந்திய தடம் வட்டமாகத் தெரிந்தது.

புளியமரத்தின் தாழ்ந்த கிளையில் தராசைக் கட்டினேன். கூட்டம் பந்தியை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டது. "பிள்ளைய ஏலம் விடுறாகளா?" என்றார் ஒருவர். "கம்முனு இருங்க மாமா, ஆஸ்பத்திரி வேல" என்று அவரை ஒரு பெண் அடக்கினாள்.

பிள்ளையை வாங்கக் கைநீட்டினேன். பஞ்சவர்ணம் கொடுக்கவில்லை.

"மொதல்ல வெறுந்தராசக் காட்டுங்க."

தொட்டிலை மட்டும் மாட்டிக் காட்டினேன். முள் பூச்சியத்தில் நின்றது. அருகில் வந்து, கண்ணை முள்ளின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தாள்.

"இப்ப அந்தக் கல்லு."

படிக்கல்லை இட்டேன். இரண்டு.

"இன்னொருக்கா."

மீண்டும் இட்டேன். இரண்டு. மூன்று மாதம் முள்ளைப் பார்க்க மறுத்தவள், அதற்கு முன் வரிசையில் நின்ற காலைகளில் எங்கள் முறை முழுவதையும் கவனித்து வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு அவளே பிள்ளையைத் தொட்டிலில் வைத்தாள்.

மொட்டைத் தலையும் சந்தனமுமாக, அம்மணமாகத் தொங்கிய கவின் இரண்டு கால்களாலும் காற்றை உதைத்தான். முள் ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையே துள்ளியது. யாரோ எட்டரை என்றார். யாரோ ஏழே முக்கால் என்றார். கருப்பையா இரு கைகளையும் விரித்துக் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளினார். "எவனும் பேசப்படாது! முள்ளு நிக்கட்டும்!" ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டையும் நிறுத்தச் சொன்னார். அத்தனை பேரும் ஒரு முள்ளைப் பார்த்து நின்றார்கள். கவின் தன் கால் கட்டைவிரலைக் கண்டுபிடித்து வாயில் வைத்தான். உதைப்பது நின்றது. முள்ளும் நின்றது.

நான் படிக்கவில்லை. பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். அவள் உதடுகள் கோடுகளை எண்ணின.

"எட்டுக்கு மேல ஒரு கோடு."

"எட்டு கிலோ நூறு" என்றேன்.

"வெள்ளி இல்லாம?" என்றார் கருப்பையா.

"வெள்ளி இல்லாம அண்ணே. பச்சையில இருக்கான்."

சித்தப்பாவுக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. "தாய்மாமன் கருப்பையா மருமகன் கவின், எட்டு கிலோ நூறு கிராம்! வெள்ளி நீங்கலாக!" என்று ஒலிபெருக்கி வயல்வெளி முழுதும் அறிவித்தது. குலவை எழுந்தது.

"மொட்டையடிச்சதுல முடி போயிருச்சுல்ல, அதையும் சேத்துக்கங்க டீச்சர்" என்றார் ஏலம் கேட்டவர்.

"ஒம்ம சோலியப் பாரும் மாமா" என்று கருப்பையா அவர்மேல் பாய்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், காதுல தோடு கிடக்கு. ரெண்டும் சேத்து ஒரு கிராம். கழிச்சே எழுதுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது."

"ஒரு கிராம் இந்தத் தராசுல தெரியாது அண்ணே."

"அதுக்குத் தெரியாட்டி என்ன? எனக்குத் தெரியும்ல?"

பஞ்சவர்ணம் பிள்ளையை இறக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பையிலிருந்து அவளுடைய அட்டையை எடுத்து எட்டு நூறில் புள்ளி வைத்தேன். கேட்காமலேயே கையை நீட்டி அதை வாங்கி இடுப்பில் செருகினாள். பந்திக்குப் போகத் திரும்பியவள் நின்றாள்.

"வார புதன்கிழம எத்தன மணிக்கு டீச்சர் தராசக் கட்டுவீங்க?"

"ஒம்பது மணிக்கு."

"எட்டே முக்காலுக்கு வாரேன். வெறுந்தராசப் பாக்கணும்ல."